பெட்டிக்குள் என்ன இருந்தது?

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முக்கால்வாசி சைவக் குடும்பங்கள். டிசம்பர் வந்தால் டவுனிலிருந்து கிறிஸ்தவ இளைஞர்கள் வேனில் வந்து லயத்துப் பிள்ளைகளுக்கு நத்தார் பரிசுப் பெட்டி கொடுக்கிறார்கள். இது மதமாற்றத்துக்குப் போடும் தூண்டில் இல்லையா? சட்டம் போட்டுத் தடுக்க வேண்டாமா?
– கோயில் கமிட்டி உறுப்பினர் ஒருவர், மஸ்கெலியா

பதில்: சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். 2004 இல் பௌத்த பிக்குகளின் கட்சியான ஜாதிக ஹெல உறுமய அப்படியொரு சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. 'ஆசைகாட்டல்' என்பதற்கு அதில் கொடுத்த விளக்கத்தில் காசோ பொருளோ, எந்த அன்பளிப்பும் அடங்கிவிடும். சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னது; சட்டமூலம் நிறைவேறவில்லை. விரும்பிய மதத்தைத் தழுவும் சுதந்திரம் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையில் இருக்கிறது. உங்களுக்கும் சேர்த்துத்தான்.

தூண்டில் என்கிறீர்கள். அதில் என்ன மாட்டியிருந்தது என்று பார்த்தீர்களா? நான் பார்த்த பெட்டிகளில் கொப்பி, கலர் பென்சில், சோப்பு, கம்பளித் தொப்பி. (சப்பாத்துப் பெட்டியில் பரிசு அடைத்து அனுப்பும் இந்த வேலை 1990 இல் வேல்ஸிலிருந்து ருமேனியப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியதுதான் பெரிதாகப் பரவியது. அந்த ஊர்க் குளிருக்கு நினைத்த தொப்பி நம் நுவரெலியாவுக்கும் பொருந்தத்தான் செய்கிறது.) பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் தருகிறது. கொப்பியை நாம்தான் வாங்க வேண்டும். 2024 இல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக உயர்ந்தது என்கிறோம். கொழுந்து குறைந்த அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதி நாட்சம்பளம்தானே? சி.ஆர். கொப்பி விலையைக் கேட்டுவிட்டு, "எண்பது பக்கத்துலயே குடுங்க முதலாளி" என்று மெதுவாகச் சொல்லும் அம்மாவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எனக்கும் ஒரு பெட்டி கிடைத்தது. ஐந்தாம் வகுப்பில், மாதா கோயில் ஆட்கள் தந்த தகரக் கொம்பாஸ் பெட்டி. அம்மா அதை மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்து, மூடியில் விபூதி பூசித்தான் என் கையில் கொடுத்தார். வட்டம் போடப் பழகினேன். வேறொன்றும் நடக்கவில்லை.

அதற்காக அந்த இளைஞர்களைச் சும்மா விடவும் மாட்டேன். ஒரு தோட்டத்தில் கண்ணால் கண்டது: பிள்ளை மடுவத்து (குழந்தைகள் பராமரிப்பு நிலையத்து) வாசலில் வரிசை, நல்ல பனி. முதலில் ஜெபம், பிறகு பாட்டு, பிறகு பிள்ளையின் பெயர், அப்பா பெயர், லயன் நம்பர் எல்லாம் ஒரு கொப்பியில் பதிவு. பெட்டி கைக்கு வந்த பிறகும் போட்டோ முடியும்வரை திறக்கக் கூடாதாம். ஒரு சின்னப்பிள்ளை மூடியின் ஓரத்தில் விரலை நுழைத்து, உள்ளே இருப்பதைத் தடவிக்கொண்டே கமெராவைப் பார்த்துச் சிரித்தது. தம்பிமாரே, பாலன் பிறந்த கதையைத் தாராளமாகச் சொல்லுங்கள். வேறொரு நாளில், கேட்க வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள். பெட்டியைத் தாய் தகப்பன் கையில் கொடுத்துவிட்டு வேனில் ஏறுங்கள். அந்தப் பதிவுக் கொப்பி எதற்கு? வேண்டுமென்றால் சப்பாத்து அளவை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள். போன முறை தந்த சப்பாத்து பலருக்குப் பொருந்தவில்லை.

கமிட்டிக்காரரே, திருவிழாவுக்கு நாமும் வீட்டுக்கு வீடு சந்தா பிடிக்கிறோம். எத்தனையோ தோட்டங்களில் சம்பளத்திலேயே வெட்டுகிறார்கள். அதில் லவுட்ஸ்பீக்கருக்கு எவ்வளவு, பட்டாசுக்கு எவ்வளவு என்று உங்கள் கணக்குப் புத்தகத்துக்குத் தெரியும். இந்த முறை ஒரு பெட்டி ஸ்பீக்கரைக் குறைத்து, டவுனில் டசன் கணக்கில் கொப்பி வாங்குங்கள். மாதா கோயிலுக்குப் போகிற கால்வாசிப் பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். கொடுத்து முடித்ததும் எத்தனை டசன் என்று எனக்கு எழுதுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன். படம் அனுப்ப வேண்டாம்.