“எனக்குக் கணக்கு வராது டீச்சர்!”

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பாதிப் பிள்ளைகள் கணக்கைப் படித்துப் பார்க்கும் முன்பே “எனக்கு வராது டீச்சர்” என்று பேனாவை மூடிவிடுகிறார்கள். ஒரு பயிற்சியில் வளர்ச்சி மனப்பான்மை பற்றி, அதாவது திறமை பிறவியோடு முடிந்துபோவதில்லை, வளர்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை பற்றிச் சொன்னார்கள். வந்ததும் ‘முயன்றால் முடியும்’ என்று சார்ட் எழுதி ஒட்டினேன். தினமும் பாராட்டுகிறேன். ஒன்றும் மாறவில்லை. ஒரு பையன் ஸ்லிப் டெஸ்ட்டில் பெயரை மட்டும் எழுதித் தாளைத் திருப்பிக் கொடுக்கிறான். நான் எங்கே கோட்டை விடுகிறேன்?
- பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை, மதுரை மாவட்டம்

பதில்: சார்ட் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பிள்ளைகள் சுவரைப் பார்த்து எதையும் நம்புவதில்லை. பேப்பர் கொடுக்கும் நாளில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்று பார்த்துத்தான் நம்புவார்கள். உங்கள் வகுப்பு எப்படியோ, நம் பக்கம் பல பள்ளிகளில் இன்னும் அதிக மார்க்கில் தொடங்கித்தான் பெயர் கூப்பிடுகிறார்கள். கடைசிப் பத்துப் பேப்பர் வரும்போது குரலே மாறிவிடும். “நீயெல்லாம் எங்க தேறப் போற” என்று ஒரு வார்த்தை, அப்புறம் பத்துத் தடவை இம்போசிஷன். இவ்வளவும் நடக்கிற அறையில் அந்த சார்ட் யாருக்காகத் தொங்குகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியாதா?

பாராட்டுகிறேன் என்கிறீர்கள். எதைப் பாராட்டுகிறீர்கள்? வளர்ச்சி மனப்பான்மை என்ற கருத்தைப் பரப்பிய அமெரிக்க உளவியலாளர் கேரல் டுவெக், கிளாடியா முல்லருடன் சேர்ந்து 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, சிலரிடம் ‘நீ கெட்டிக்காரன்’ என்றார்கள், சிலரிடம் ‘நல்லா உழைச்சிருக்க’ என்றார்கள். அடுத்து கஷ்டமான புதிர்கள் வந்ததும் இருவருமே தடுமாறினார்கள். அதன் பிறகு பழையபடி சுலபமானவற்றைக் கொடுத்தபோது, கெட்டிக்காரப் பட்டம் வாங்கியவர்கள் முதலில் செய்ததைவிட மோசமாகச் செய்தார்கள். மற்றவர்கள் முன்னேறியிருந்தார்கள்.

இதைப் பெரிய மந்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் வளர்ச்சி மனப்பான்மையைச் சோதித்தார்கள். அறிவுத்திறனை வளர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பாடம்தான். பின்தங்கிய பிள்ளைகளின் மதிப்பெண் கொஞ்சம் ஏறியது, கொஞ்சம்தான். அதுவும், கஷ்டமான கணக்கைக் கையில் எடுப்பது சகஜமாக இருந்த பள்ளிகளில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே உங்கள் வேலை சார்ட்டில் இல்லை, வகுப்பின் பழக்கத்தில் இருக்கிறது.

முற்றொருமைகள் பாடத்திலேயே தொடங்குங்கள். எக்ஸ் கூட்டல் மூன்றின் வர்க்கம் கேட்டால், பாதி வகுப்பு ‘எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஒன்பது’ என்று எழுதியிருக்கும். அடித்து, சுழித்து, பூஜ்யம் போடாதீர்கள். யார் எழுதியது என்று சொல்லாமல் அதைக் கரும்பலகையில் எழுதி, “எக்ஸுக்கு 20 போட்டுப் பாருங்க” என்று விடுங்கள். 23-இன் வர்க்கம் 529. இந்த விடையிலோ 409 தான் வரும். மிச்சம் 120 எங்கே போனது? பக்கம் 23 உள்ள சதுரத்தை வரைந்து, இரண்டு பக்கத்திலும் 20-ஐயும் 3-ஐயும் பிரித்துக் கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு சதுரங்கள் போக, 20-க்கு 3 அளவில் இரண்டு செவ்வகங்கள் ஓரமாக நிற்கும். ஒன்றுக்கு 60. யாராவது ஒரு பிள்ளை “டீச்சர், இதத்தான் விட்டுட்டோம்!” என்று கத்தும். அந்தப் பிள்ளையிடம் “கெட்டிக்காரி” என்று சொல்லாமல், “படம் போட்டு நீயே கண்டுபிடிச்சியே, அப்படித்தான் பாக்கணும்” என்று சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து எண்ணை மட்டும் மாற்றி மறுபடி ஸ்லிப் டெஸ்ட் வையுங்கள். புது மார்க்கையே பதிவேட்டில் ஏற்றுங்கள். திருத்திக்கொண்டதற்கு மார்க் உண்டு என்று தெரிந்தால்தான் திருத்துவார்கள்.

போர்ஷன் முடியாதே என்பீர்கள். எல்லாத் தவறுக்கும் இப்படிச் செய்ய முடியாதுதான். வாரம் ஒன்று போதும், பத்து நிமிடம்.

இன்னொன்று, விடை தப்பாகவே இருக்கும்போது “முயற்சி பண்ணினியே, அது போதும்” என்று தட்டிக்கொடுக்காதீர்கள். போதாது என்று அவர்களுக்கே தெரியும். வெறும் முயற்சியைப் புகழ்வது தன் கருத்தைத் தவறாகப் புரிந்துகொள்வது என்று டுவெக்கே 2015-இல் எழுதினார். எந்த வரியில் சறுக்கியது, அடுத்து என்ன செய்து பார்க்கலாம் என்று காட்டாத பாராட்டு, என்னைக் கேட்டால், பாசாங்கு.

அந்த வெற்றுத்தாள் பையனை மட்டும் தனியாகப் பாருங்கள். அவனுக்கு மனப்பான்மைதான் குறை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மதிய இடைவேளையில் கூப்பிட்டு, மார்க் பேச்சே எடுக்காமல், ஏழாம் வாய்ப்பாடு, ஒரு வகுத்தல், மைனஸ் மூன்றிலிருந்து ஐந்தைக் கழிப்பது, இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் ஐந்தாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ ஓர் இடத்தில் நின்றுபோயிருப்பான். அப்படியானால் அவனுக்கு ஊக்கப் பேச்சு வேண்டாம், வாய்ப்பாடு வேண்டும். அடுத்த ஸ்லிப் டெஸ்ட்டில் அவனுக்கு மட்டும் அந்த இடத்திலிருந்து இரண்டு கணக்கு கொடுங்கள். மற்றவர்கள் பார்க்காதபடி தாளை மடித்தே கொடுங்கள்.