பெரிய கூட்டாளி வருகிறான் என்ற செய்திக்காக எண்ணெய்ப் பங்கை வைத்துக்கொண்டு காத்திருக்கலாமா?

கடலில் எண்ணெய் தேடும் சிறிய நிறுவனம் ஒன்றின் பங்கு உங்கள் கையில் இருக்கிறது. பெரிய நிறுவனம் ஒன்று அதோடு கூட்டுச் சேரப்போவதாக ஓராண்டாகப் பேச்சு. வைத்திருப்பதா, விற்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியை மடியில் கட்டிக்கொண்டு மூன்றரை ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் நான். கடைசியில் எனக்கு வந்தது நல்ல செய்திதான். அப்படியும் பணம் போய்விட்டது.

எனக்குத் திருச்செங்கோடு. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளை ராஜஸ்தானுக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும், கப்பலேற்றி ஆப்பிரிக்காவுக்கும் அனுப்புகிற ஊர். அந்த வண்டிகளுக்கு பிட், ஹேமர், ஹோஸ் விற்கும் கடை என்னுடையது. பாறை எத்தனை அடியில் மாறும், எந்தச் சத்தத்துக்கு ஹேமர் உடையப்போகிறது என்பதெல்லாம் சாப்பாட்டு நேரத்திலேயே பேசி வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் எண்ணெய் நிறுவனத்தின் அறிக்கையைப் படித்தபோது, துளை போடுவது எனக்குத் தெரியாதா என்று ஒரு திமிர். வங்கிப் பங்கையோ சிமென்ட் பங்கையோ வாங்கியிருந்தால் நாலு பேரைக் கேட்டிருப்பேன். இதற்கு யாரையும் கேட்கவில்லை.

2011 பிப்ரவரியில் ரிலையன்ஸ் தன்னுடைய 23 பிளாக்குகளில் (எண்ணெய் தேட அரசு பிரித்துக் கொடுக்கும் பகுதிகள்) 30 விழுக்காட்டுப் பங்கை பிரிட்டனின் பிபி நிறுவனத்துக்கு 720 கோடி டாலருக்குத் தர ஒப்பந்தம் செய்தது. கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு நூறு டாலரைத் தாண்டிக்கொண்டிருந்த நேரம். பெரியவர்களுக்கு வெளிநாட்டுக் கூட்டாளி வந்தாயிற்று, அடுத்து சிறியவர்களுக்கும் வருவான் என்று கணக்குப் போட்டேன். பழைய கம்ப்ரசர் ஒன்று வாங்க எடுத்துவைத்திருந்த பணத்தில் 4,000 பங்குகள், 58 ரூபாய் வீதம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

இந்தக் கூட்டுக்கு அந்தத் தொழிலில் ஃபார்ம் அவுட் என்று பெயர். புதிதாகக் கேட்பவருக்குப் புரியாது. தோட்டம் வைத்திருப்பவருக்கு ஒரு நொடியில் புரியும், ஏனென்றால் இது வாரத்துக்கு விடுவதுதான். நிலம் என்னுடையது, போர் போட என்னிடம் காசில்லை, செலவை நீ ஏற்றுக்கொள், விளைச்சலில் பாதியை எடுத்துக்கொள். சிறிய நிறுவனத்திடம் இருப்பது அரசு கொடுத்த உரிமமும் நில அதிர்வு ஆய்வின் படங்களும். துளையிடப் பணம் இல்லை. அதுதான் ஆள் தேடுகிறது.

அப்பாவிடம் இதை விளக்கியபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: “உள்ளே இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தவன் எதற்குப் பங்காளி தேடுகிறான்?” (பங்காளி என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் நினைவுக்கு வருவது வரப்புத் தகராறு. அவர் அந்தச் சொல்லைச் சொன்ன விதத்திலேயே தீர்ப்பு இருந்தது.)

அவர் சொன்னது பாதிதான் சரி. ஆழ்கடலில் ஒரு துளைக்குச் சில நூறு கோடி ரூபாய் போய்விடும் என்பதால் மிகப் பெரிய நிறுவனங்களும் தனியாக இறங்குவதில்லை. கயானா கடலில் 2015-ல் எக்சான்மொபில் கண்டுபிடித்த லிசா வயலிலேயே அதற்கு 45 விழுக்காடுதான். அப்போது அமெரிக்காவின் ஹெஸ்ஸுக்கு 30, சீன நிறுவனம் ஒன்றுக்கு 25. அதில் எனக்கு உறுத்துவது இன்னொன்று. அந்த பிளாக்கில் பாதி ஷெல் வசம் இருந்தது. தேறாது என்று 2014-ல் விட்டுவிட்டு வெளியேறியது. அடுத்த ஆண்டே எண்ணெய். ஆக, பெரிய நிறுவனம் உள்ளே வருவதாலும் வெளியே போவதாலும் அடியில் என்ன இருக்கிறது என்பது மாறுவதில்லை. நான் காத்திருந்தது எண்ணெய்க்கு அல்ல, ஒரு கையெழுத்துக்கு. இது எனக்குப் புரிய மூன்று ஆண்டுகளாயின.

அந்த மூன்று ஆண்டுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு மாடியில் தரகர் அலுவலகம். தறிக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், லாரி பைனான்ஸ் செய்யும் அண்ணன் ஒருவர், நான் என்று அதே பங்கில் நான்கு பேர். மாதம் ஒரு வதந்தி வரும். மலேசிய நிறுவனம் ஆவணங்களைப் பார்த்துவிட்டது. நார்வேக்காரர்கள் சென்னையில் ஹோட்டலில் தங்கியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அறிவிப்பு. வெள்ளிக்கிழமை வந்தால் அமாவாசை கழியட்டும் என்பார் தலைமையாசிரியர். ஆண்டறிக்கையில் மட்டும் ஒரு வரி மாறாமல் இருந்தது: “கூட்டாளிகளுடனான பேச்சுவார்த்தை முன்னேறிய நிலையில் உள்ளது.” நான்கு பேரும் சேர்ந்து அந்த ‘முன்னேறிய’ என்ற சொல்லை அலசியிருக்கிறோம்.

காத்திருக்கும்போது நிறுவனம் சும்மா இருப்பதில்லை. ரிக் வண்டி ஷெட்டில் நின்றாலும் டிரைவருக்குப் படியும் வங்கிக்குத் தவணையும் போய்க்கொண்டே இருக்கும் அல்லவா, அதுபோல் அங்கேயும் சம்பளம், உரிமக் கட்டணம், ஆய்வுச் செலவு. 2012-ல் உரிமைப் பங்கு வெளியிட்டார்கள், அதாவது ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களிடமே புதிய பங்கை விற்றுப் பணம் திரட்டினார்கள். 30 ரூபாய்க்கு இன்னும் 1,000 வாங்கினேன். சராசரி குறைகிறது என்று மகிழ்ந்தேன். என் பணத்திலேயே என் காத்திருப்பை நீட்டித்தார்கள் என்று சொல்வதே பொருத்தம்.

ஒருநாள் கடையில் கணினியில் பழைய செய்தி ஒன்றைப் படித்தேன். ஃபாக்லாந்து தீவுகளுக்கு அப்பால் துளையிட்ட டிசையர் பெட்ரோலியம் என்ற சிறிய பிரிட்டிஷ் நிறுவனம், 2010 டிசம்பரில் எண்ணெய் கிடைத்ததாக அறிவித்தது. சில நாட்களில் திருத்தம் வந்தது: அது எண்ணெய் அல்ல, தண்ணீர். பங்கு கடுமையாகச் சரிந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிட் வாங்க வந்திருந்தவர் என்னவென்று கேட்டார். “தண்ணீர் வந்துவிட்டதாம், எல்லோரும் அழுகிறார்களாம்” என்றேன். 2003 வறட்சியில் எங்கள் தோட்டத்தில் 960 அடி போட்டு வெறும் புகை பறந்ததைப் பார்த்தவன் நான். அப்போது ஒரு குடம் ஈரம் வந்திருந்தாலும் பொங்கல் வைத்திருப்போம்.

அதே கடலில் அதே 2010-ல் ராக்ஹாப்பர் என்ற இன்னொரு சிறிய நிறுவனம் சீ லயன் என்ற வயலில் உண்மையிலேயே எண்ணெய் கண்டது. கூட்டாளி வந்தார், போனார், வேறொருவர் வந்தார். பதினைந்து ஆண்டுகள் கடந்தும் 2025 வரை அங்கிருந்து வணிக உற்பத்தி தொடங்கவில்லை. எண்ணெய் இருந்தும் இந்த நிலை.

நம் கிருஷ்ணா கோதாவரிப் படுகையிலும் ஒரு சிறிய பங்காளி இருந்தார். கேஜி-டி6 பிளாக்கில் ரிலையன்ஸோடு 10 விழுக்காடு வைத்திருந்த கனடாவின் நிக்கோ. இதைவிடப் பெரிய கூட்டாளி கிடைக்குமா? 2009-ல் எரிவாயு வந்தது, 2010-ல் நாளொன்றுக்கு ஏறக்குறைய 6 கோடி கன மீட்டரைத் தொட்டது, பிறகு எதிர்பார்த்ததற்கு மாறாக வேகமாக விழுந்தது. நூறு கனேடிய டாலர் அளவில் விற்ற நிக்கோ பங்கு சில ஆண்டுகளில் சில்லறைக் காசானது.

என் செய்தி 2014 ஆகஸ்டில் வந்தது. கையெழுத்தாகிவிட்டது. 31 ரூபாயில் இருந்த பங்கு இரண்டே நாளில் 44. லாரி பைனான்ஸ் அண்ணன் முதல் நாளே முழுவதையும் விற்றுவிட்டு, “மாப்பிள்ளை, கிளம்பு” என்றார். நான் கிளம்பவில்லை. அன்று விற்றிருந்தால் 42,000 ரூபாய்தான் நட்டம். ஆனால் மனம் 58-ல் நின்றது. போட்ட விலை வரட்டும் என்று ஒரு பிடிவாதம், என்னமோ சந்தைக்கு என் விலை தெரியும் என்பது போல.

அறிவிப்பின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: மத்திய அரசின் ஒப்புதலுக்கு உட்பட்டது. பிளாக்கில் பங்கு கைமாற அந்த ஒப்புதல் கட்டாயம். ரிலையன்ஸ்-பிபி ஒப்பந்தத்துக்கே பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை ஆனது, அதுவும் 23-ல் 21 பிளாக்குகளுக்குத்தான் கிடைத்தது. எங்கள் சிறிய நிறுவனத்தின் கோப்பு நகர்வதற்குள் கச்சா எண்ணெய் விழுந்தது. 2014 ஜூனில் 110 டாலருக்கு மேல் இருந்தது, 2015 ஜனவரியில் 50-க்கும் கீழே. கூட்டாளி மரியாதையாக விலகிக்கொண்டார். 11 ரூபாய்க்கு விற்றேன்.

ஆகவே உங்கள் கேள்விக்கு வருகிறேன். செய்தி எப்போது வரும் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, கடைசி இருப்புநிலைக் குறிப்பில் ரொக்கம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஓராண்டுச் செலவோடு அதை ஒப்பிடுங்கள். பிறகு உரிமத்தின் இந்தக் கட்டம் எந்தத் தேதியில் முடிகிறது, அதற்குள் எத்தனை துளை போடுவதாக அரசிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்று தேடுங்கள். ஒப்புக்கொண்ட வேலையை முடிக்காவிட்டால் அதற்கும் பணம் கட்ட வேண்டும். ரொக்கம் தேதிக்கு முன்னால் தீரும் என்றால், என் கருத்தில், விற்றுவிடுங்கள். கூட்டாளியே வந்தாலும் அந்த நிலையில் இருப்பவரிடம் அடிமாட்டு விலைதான் பேசுவார். ரொக்கம் தாங்கும் என்றால், வறண்ட போருக்குக் கொடுத்ததாக நினைத்து மறக்கக்கூடிய தொகையை மட்டும் விட்டுவைக்கலாம்.

வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி முக்கிய நிகழ்வு நிறுவனத்துக்குள்ளிருந்து எழுந்தால் 12 மணி நேரத்துக்குள், வெளியிலிருந்து வந்தால் 24 மணி நேரத்துக்குள் பங்குச் சந்தைக்குத் தெரிவித்தாக வேண்டும். அங்கே இல்லாத செய்தி உங்களுக்கு மட்டும் வருகிறது என்றால், அதை அனுப்பியவர் விற்க ஆள் தேடுகிறார். ஈமு கோழி மோசடியில் பணம் கட்டி ஏமாந்து 2012-ல் பெருந்துறையில் வரிசையில் நின்ற மண் இது, நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தமான் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். 2025 செப்டம்பரில் அரசு நிறுவனமான ஆயில் இந்தியா அங்கே கடலில் ஸ்ரீ விஜயபுரம்-2 கிணற்றில் எரிவாயு இருப்பதைக் கண்டது உண்மை. சோதித்த ஆழம் 2,212 மீட்டரிலிருந்து 2,250 மீட்டர் வரை. அங்கே கடல் ஆழமே 295 மீட்டர். எங்கள் தோட்டத்து 960 அடி போர், அதாவது ஏறக்குறைய 293 மீட்டர், முடிந்த ஆழத்தில்தான் அவர்களுக்குத் தரையே தொடங்குகிறது. வாயு இருக்கிறது என்பதற்கும் எடுத்து விற்கும் அளவுக்கு இருக்கிறது என்பதற்கும் நடுவில் இன்னும் பல துளைகள் வேண்டும். அதைப் போட அரசு நிறுவனத்தால் முடியும். அந்தமான் பெயரைச் சொல்லி உங்களிடம் வேறொரு சிறிய பங்கைப் பரிந்துரைப்பவரிடம், அந்த நிறுவனத்துக்கு அங்கே பிளாக் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

ஐம்பது பங்குகளை மட்டும் நான் விற்கவில்லை. அதனால் ஆண்டறிக்கை இன்னும் வருகிறது. ‘பேச்சுவார்த்தை முன்னேறிய நிலையில்’ என்ற வரி எங்கே என்று முதலில் தேடுவேன். இந்த ஆண்டு 14ஆம் பக்கத்தில் இருக்கிறது.