சிறுவர் பன்னாட்டு நட்புறவு முகாம் என்றால் என்ன? மட்டக்களப்புப் பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

பல நாட்டுச் சிறுவர்கள் சில வாரங்கள் ஒரே இடத்தில் தங்கி, சேர்ந்து உண்டு, விளையாடி, ஒருவர் வாழ்க்கையை மற்றவர் அறிந்துகொள்ளும் ஏற்பாடே இம்முகாம். அமெரிக்க உளவியலாளர் டொரிஸ் ஆலன், இரண்டாம் உலகப் போரின் அழிவைக் கண்டபின் வகுத்த திட்டத்தின்படி, இத்தகைய முகாமொன்று 1951இல் சின்சினாட்டி நகரில் நடைபெற்றது. 11 வயதுப் பிள்ளைகளையே அவர் தெரிவுசெய்தார். தன் பண்பாட்டை எடுத்துச் சொல்லுமளவுக்கு வளர்ந்திருந்தும், பிறர்மீதான வெறுப்பு மனத்தில் இன்னும் இறுகிவிடாத பருவம் அது என்பதே காரணம். இத்திட்டத்தின் உயிர்நாடி இந்த வயதுத் தெரிவுதான் என்பது என் உறுதியான கருத்து.

தமிழர் ஊரான ஆரையம்பதிப் பிள்ளையும், அதையடுத்துள்ள முஸ்லிம் ஊரான காத்தான்குடிப் பிள்ளையும் ஒரே மைதானத்தில் கிரிக்கெட் விளையாடினால், அடுத்த ஊரைப் பற்றிப் பெரியோர் சொன்ன கதைகளைவிட, தனக்குப் பந்துவீசியவனின் முகமே ஒவ்வொருவர் மனத்திலும் நிற்கும். இம்முகாம் அதையே நாடுகளுக்கிடையில் செய்கிறது. நீண்ட போரைக் கண்ட நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இவ்வாய்ப்புக் கிடைக்க வேண்டுமென மனதார விரும்புகிறேன்.

வகுப்பில் முதலிடம் பெற்று, ஆங்கிலம் சரளமாகப் பேசும் பிள்ளைக்குரிய பரிசுப் பயணம் இது என்று எண்ணுவது தவறு. சிறுவர்கள் விளையாட்டாலும் சைகையாலுமே பழகத் தொடங்கிவிடுவதால், புதியவரோடு சேரும் விருப்பமும் வீட்டைப் பிரிந்திருக்கும் துணிவுமே முதலில் வேண்டியவை.