தவளைத் தோல் ஆராய்ச்சியும் மகளின் பட்டப்படிப்பும்: ஒட்டுசுட்டான் தந்தையார் ஒருவருக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

மருத்துவ பீடம் கிடைக்காத மகள், மூன்றாம் தடவை உயர்தரப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்து, தவளைத் தோலில் மருந்து தேடும் ஆராய்ச்சிக்குப் போவதாகக் கூறுவது தங்களைக் கலங்க வைத்திருப்பது இயல்பே. ஆயினும் அவர் சொல்வது பிள்ளைத்தனமான ஆசையன்று.

அமெரிக்க மருத்துவர் மைக்கேல் சாஸ்லொஃப், ஆய்வுக்காக வயிற்றைக் கீறித் தைத்த ஆபிரிக்க நகத்தவளைகளைக் கிருமி மலிந்த தொட்டி நீரிலேயே விட்டபோதும், தையற்காயங்கள் சீழ் பிடிக்காமல் ஆறுவதைக் கவனித்தார். தோலில் சுரக்கும், 23 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு பெப்தைட்டுகளே (புரதத்தின் சிறு துண்டு போன்ற மூலக்கூறுகளே) அதற்குக் காரணம் என்று 1987இல் அறிவித்து, அவற்றுக்கு மகைனின் எனப் பெயரிட்டார். நேரேற்றமுடைய இவை, மறையேற்றமுடைய பக்டீரியா மென்சவ்வில் ஒட்டி, அதைச் சிதைத்துவிடுகின்றன. வழக்கமான மருந்துகளுக்கு மசியாத கிருமிகள் பெருகிவரும் இக்காலத்தில் இது சிறிய விடயமல்ல. 2017இல் கேரளத் தவளையொன்றின் தோலிலிருந்து இன்புளுவென்சா வைரசுகள் சிலவற்றை அழிக்கும் உருமின் என்ற பெப்தைட்டும் அறியப்பட்டது.

மறுபக்கத்தையும் தாங்கள் அறிய வேண்டும். மகைனினைத் திருத்தி நீரிழிவுக் காற்புண்ணுக்கென உருவாக்கிய பெக்சிகனன் களிம்புக்கு, பழைய மருந்துகளிலும் மேலானது என்று நிறுவப்படாமையால், 1999இல் அமெரிக்காவில் அனுமதி மறுக்கப்பட்டது. பெப்தைட்டுகளை உடலின் நொதியங்கள் விரைவில் உடைத்துவிடுகின்றன. தயாரிப்புச் செலவும் அதிகம். ஆகவே தவளையை மட்டும் நம்பிப் படிப்பைத் தெரிவு செய்யலாகாது.

அத்தடைகளைக் கடக்க உதவுபவை இரசாயனவியலும் நுண்ணுயிரியலுமே. அதனால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் விஞ்ஞானக் கற்கையையே முதலில் பரிந்துரைப்பேன். அங்கு எக்காரணம் கொண்டும் இரசாயனவியலை அவர் கைவிடக் கூடாது. ஆராய்ச்சிக்கு மேற்படிப்பும் பல ஆண்டுப் பொறுமையும் தேவை. இடையில் நிறுத்த நேர்ந்தாலும் நீர், உணவு, மருந்து ஆகியவற்றின் தரத்தைச் சோதிக்கும் ஆய்வுகூடங்களிலும் ஆசிரியத் தொழிலிலும் அதே பட்டம் கைகொடுக்கும். வவுனியாப் பல்கலைக்கழகத்தின் சுற்றாடல் விஞ்ஞானமும் நல்ல துறைதான். ஆனால் அது தவளையின் வாழிடத்துக்கு நெருக்கமானது, மருந்துக்கன்று.

மாரியில் வயலில் கத்தும் தவளைகளைப் பிடித்து வீட்டிலேயே சோதிக்க அவர் முற்பட்டால், அன்போடு தடுத்துவிடுங்கள். காட்டுயிர்களை ஆய்வுக்கு எடுக்க வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். மேலும், அமினோ அமில வரிசை தெரிந்துவிட்டால் பெப்தைட்டை ஆய்வுகூடத்திலேயே செயற்கையாக உருவாக்கலாம். தவளைகளைக் கொன்று குவிக்கத் தேவையில்லை.

பல்கலைக்கழக அனுமதிக்கான குறைந்தபட்ச வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடுவதால், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் புள்ளியோடு ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம். விண்ணப்பத்தில் கற்கைநெறிகளை வரிசைப்படுத்தும் முன், பெறுபேற்றுத் தாளுடன் மகளையும் அழைத்து வாருங்கள். அவரிடமே பேசி முடிவு செய்வோம்.