பாத்ரூம் சுவர் ஓதம்: வாசகர் கேள்விகள்

1990-களில் கட்டிய வீடு. ஐந்துக்கு ஏழடி பாத்ரூம். உள்ளே டைல்ஸ் கிடையாது. சிமெண்ட் பூச்சு பொரிந்து விழுகிறது. மறுபக்கம் படுக்கையறைச் சுவரில் இரண்டடி உயரத்துக்கு உப்பு பூத்து பெயிண்ட் உரிகிறது. இரண்டு முறை பட்டி வைத்து அடித்தும் நிற்கவில்லை. கையில் பணம் குறைவு. எங்கிருந்து தொடங்குவது?
— வாசகி, கும்பகோணம்

தண்ணீர் நுழைவது நிற்கும்வரை படுக்கையறைப் பக்கம் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். செங்கல்லிலும் கலவையிலும் இருக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வருகிறது. சுவரின் முகத்தில் தண்ணீர் ஆவியாகி, உப்பு மட்டும் படிகமாகி நிற்கிறது. அது பெருகும் விசையில்தான் பட்டியும் பெயிண்டும் உரிகின்றன. எத்தனை உயர்ந்த பெயிண்டாக இருந்தாலும் கதை இதேதான்.

முதலில் கசிவது பைப்பா, தரையா என்று பாருங்கள். இரவு எல்லாக் குழாய்களையும் ஃப்ளஷ் டேங்குக்குப் போகும் வால்வையும் மூடி, மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவையுங்கள். மோட்டார் போடக் கூடாது. காலையில் மட்டம் இறங்கியிருந்தால் சுவருக்குள் பைப் கசிகிறது. பழைய ஜி.ஐ. பைப் பெரும்பாலும் எல்போ மரையில்தான் துருப்பிடித்து விடும். அதை மாற்றாமல் மேலே பூசுவது வீண். மட்டம் இறங்கவில்லையா? தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியும் பாலிதீனும் வைத்து அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் கவனியுங்கள். மட்டம் தெளிவாக இறங்கினால் தரை அல்லது தரையும் சுவரும் சேரும் மூலை. இறங்காமல், அடைப்பை எடுத்து வாளி வாளியாக ஊற்றும்போது மட்டும் ஓதம் கூடினால், கழிவு பைப். ஓதம் இரண்டடி உயரத்தோடு நிற்கிறது என்றால் முதல் சந்தேகம் அந்த மூலை மேல்தான்.

இனி வேலை. சுவரைச் சுத்தியல் காம்பால் தட்டிப் பாருங்கள். பொக்கையாக ஒலிக்கும் பூச்சு முழுவதையும், அதைத் தாண்டி அரையடியையும் செங்கல் தெரியக் கொத்தி எடுக்க வேண்டும். செங்கல் இடைக்கலவையை அரை அங்குலம் ஆழத்துக்குச் சுரண்டிவிடுங்கள். புதுப் பூச்சுக்கு அதுதான் பிடி. உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேயே போகும். உலர்ந்த கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தூளை அள்ளி வெளியே கொட்டுங்கள். கொத்திய சுவரைக் குறைந்தது ஒரு வாரம் காற்றாட விடுங்கள். கொத்தும் வேலையை வீட்டாரே செய்தால் ஒருநாள் கூலி மிச்சம்.

பூசும் நாளில் சுவரை நனையுங்கள். நீர் வழியக் கூடாது. எஸ்.பி.ஆர். லேட்டக்ஸ் (செயற்கை ரப்பர் பால்) திரவத்தைச் சிமெண்ட்டோடும் தண்ணீரோடும் குழைத்துப் பிரஷ்ஷால் அடித்து, அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே பூச்சு ஏற வேண்டும். காய்ந்துவிட்டால் அதுவே வழுக்குப் படலமாகி, பூச்சு பிடிக்காது. கலவை, சிமெண்ட் ஒன்றுக்கு மணல் நான்கு. சலித்த பூச்சு மணல். கனம் 12 மி.மீ. முப்பது சதுர அடிக்கு ஏறக்குறைய 16 கிலோ சிமெண்ட்டும் ஒன்றரைக் கன அடி மணலும் பிடிக்கும். கலவையில் சேர்க்கும் நீர்த்தடுப்புத் திரவம் பொதுவாக 50 கிலோ மூட்டைக்கு 200 மி.லி. கணக்கு; உங்கள் 16 கிலோவுக்கு 65 மி.லி. போதும். கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகத் தடுக்காது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கலவைக்கு நல்ல தண்ணீர் வேண்டும். தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஓர் அங்குலக் கலவையைச் சரிவாக வைத்து, கூர்மூலை இல்லாமல் இழுத்துவிடச் சொல்லுங்கள். ஏழு நாள் நனைத்து வையுங்கள். அவசரம் என்று ஜிப்சம் அல்லது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து அடைக்க யாரையும் விடாதீர்கள். ஈரத்தில் அது இளகிவிடும்.

அடுத்தது தடுப்புப் பூச்சு. தரை 35 சதுர அடி, சுற்றிலும் சுவரில் ஓரடி உயரத்துக்கு 24, குளிக்கும் மூலையில் இரு சுவரிலும் மூன்றடி அகலம், ஆறடி உயரம் என்றால் இன்னும் 30: ஏறத்தாழ 90 சதுர அடி. இதற்கு இரண்டு முதல் இரண்டரைக் கிலோ லேட்டக்ஸ் ஆகும். கிலோவுக்கு ஒன்றரைக் கிலோ புதுச் சிமெண்ட், தண்ணீர் கிடையாது. டப்பாவில் வேறு அளவு இருந்தால் அதன்படி செய்யுங்கள். மூலைகளில் முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே நான்கு அங்குல ஃபைபர் வலைத் துண்டைப் பதியுங்கள். நாலைந்து மணி நேரம் கழித்து இரண்டாம் கோட்டைக் குறுக்காக இழுங்கள். ஒரே கோட்டாகக் கனமாக அடித்தால் வெடிக்கும். அரை மணிக்குமேல் நின்ற குழம்பில் தண்ணீர் விட்டு இளக்குவதும் அதே வினைதான். தரையில் இரண்டாம் கோட் காயுமுன் உலர்ந்த மணலைத் தூவிவிடுங்கள். மேல் தளம் கவ்விக்கொள்ளும்.

மூன்று நாள் காயவிட்டு, மறுபடி தண்ணீர் நிறுத்தி இரண்டு நாள் பாருங்கள். மேஸ்திரிக்குக் கடைசித் தவணையை இதற்குப் பிறகு கொடுப்பது நல்லது. இந்தப் பூச்சு மிதி தாங்காது. தரைமேல் முக்கால் அங்குலச் சிமெண்ட் தளம் வேண்டும். வாட்டம் ஏழடிக்கு ஓர் அங்குலமாவது இருக்கட்டும். தளம் உயர்வதால் வாசல்படியும் வடிகால் மூடியும் சரியாக வருமா என்று முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். சுவருக்கு டைல்ஸ் கட்டாயமில்லை. வெளிப்புற எமல்ஷன் இரண்டு கோட் போதும்.

படுக்கையறைப் பக்கம் உரிந்த பூச்சைக் கொத்திவிட்டுத் திறந்தே வையுங்கள். ஒன்பது அங்குலச் சுவர் காய மாதக்கணக்கில் ஆகும். ஓரடிப் பாலிதீன் துண்டை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒருநாள் விட்டுப் பாருங்கள். உள்ளே முத்து முத்தாக நீர் கட்டினால் பெயிண்டுக்கு இன்னும் நேரமாகவில்லை.

டைல்ஸ் ஒட்டிய பாத்ரூம் கசிகிறது. முழுவதும் உடைக்க வேண்டும் என்கிறார் மேஸ்திரி. ஜாயிண்ட்டில் ஒயிட் சிமெண்ட் தேய்த்தால் போதாதா?
— வாசகர், வேலூர்

ஒயிட் சிமெண்ட் போதாது. சுருங்கி மயிர்க்கோடு விடும். அதற்காக எடுத்தவுடன் உடைக்கவும் வேண்டாம். நாணயத்தால் தட்டி, பொக்கையாக ஒலிக்கும் டைல்ஸை மட்டும் எடுத்து ஒட்டுங்கள். மற்ற ஜாயிண்ட்டுகளை ஹேக்ஸா பிளேடால் மூன்று மி.மீ. ஆழத்துக்காவது சுரண்டி, சோப்புக் கறை போகக் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு எபாக்ஸி க்ரவுட் (இடைவெளி அடைக்கும் ரெசின் கலவை) நிரப்புங்கள். ஈரத்தில் அது ஒட்டாது. இறுகுமுன் ஈர ஸ்பாஞ்சால் துடைக்காவிட்டால் டைல்ஸ் முகத்திலேயே நின்றுவிடும். மூலைகளிலும் குழாய் வெளிவரும் இடங்களிலும் ரப்பர்போல வளைந்துகொடுக்கும் சீலன்ட்தான் வேண்டும். அசைவுள்ள இடத்தில் க்ரவுட் விரிசல் விடும். இத்தனைக்குப் பிறகும் நிறுத்திய தண்ணீர் இறங்கினால் மேஸ்திரி சொன்னதில் பாதி சரி: தரையையும் சுவரின் அடி வரிசையையும் உடைக்கத்தான் வேண்டும்.

டைல்ஸில் வெள்ளைப் படிவு. ஆசிட் ஊற்றலாமா?
— வாசகி, நாகப்பட்டினம்

வேண்டாம். ஆசிட் ஜாயிண்ட் சிமெண்ட்டைத் தின்றுவிடும். நீங்களே கசிவுக்கு வழி வெட்டிய மாதிரி. பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு, உயிருக்கே ஆபத்து. ஜாயிண்ட்டை முதலில் நனைத்துவிட்டு, வினிகரில் தோய்த்த துணியால் டைல்ஸை மட்டும் துடைத்து உடனே அலசுங்கள்.

பழைய ஆயில் பெயிண்ட் மேல் நேராக டைல்ஸ் ஒட்டலாமா?
— வாசகர், தேனி

பசை பெயிண்ட்டைப் பிடிக்கும். பெயிண்ட் சுவரைப் பிடிக்காது. முழுவதும் சுரண்டி, இரண்டு அங்குலத்துக்கு ஒரு கொத்து போட்டு, தூசி கழுவிவிட்டு ஒட்டுங்கள்.