மோட்டாருக்கு முன் புரொப்பெல்லரை மாற்றுங்கள்

கேள்வி: தேவனாம்பட்டினம் கடற்கரையில் ரிமோட் ஃபோம் விமானம் ஓட்டுகிறேன். எடை 900 கிராம். 2212 அளவில் 1000 கே.வி. மோட்டார், 10-க்கு 4.5 புரொப்பெல்லர், 3 செல் லைபோ பேட்டரி, 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி). பிற்பகலில் கடற்காற்று எழுந்தால் எதிர்க்காற்றில் நகராமல் அப்படியே நிற்கிறது. 1400 கே.வி. மோட்டார் போடலாமா?
– வாசகர், கடலூர்

பதில்: இதே புரொப்பெல்லரோடு போடவே போடாதீர்கள். சுமையில்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதைத்தான் கே.வி. சொல்கிறது. சுற்று 1.4 மடங்கானால், அதே புரொப்பெல்லர் கேட்கும் சக்தி கணக்குப்படி 2.7 மடங்காகும். 2212 அதைத் தாங்காது. சுருளின் எனாமல் கருகும், இல்லையென்றால் ஈ.எஸ்.சி. நடுவானில் கைவிடும்.

காற்றை எதிர்க்க உங்களுக்கு வேண்டியது வேகம். 10-க்கு 4.5 என்பதில் 10 விட்டம், 4.5 பிட்ச், இரண்டும் அங்குலத்தில். பிட்ச் 4.5 என்றால் ஒரு சுற்றுக்கு ஏட்டளவில் அத்தனை அங்குலம் முன்னேறும். 3 செல் பேட்டரியின் 11.1 வோல்ட்டில், சுமையோடு நிமிடத்துக்குச் சுமார் 8,300 சுற்று என்று வையுங்கள்: மணிக்கு 57 கிலோமீட்டர். விமானம் அதற்கும் கீழேதான் பறக்கும். 9-க்கு 6 புரொப்பெல்லர் மாட்டினால் அதே சுற்றில் 76! விட்டம் குறைவதால் மோட்டாரின் சுமையும் ஏறாது. 1400 கே.வி.க்குப் பொருத்தமான 8-க்கு 4 போட்டால்கூட 71தான். பிறகு புது மோட்டார் எதற்கு? கையால் எறியும்போது மட்டும் இழுவை சற்றுக் குறைவாகத் தெரியும். மூக்கைத் தூக்காமல் நேராக, அழுத்தி எறியுங்கள்.

பறப்பதற்கு முன் விமானத்தைக் கட்டிவைத்து, பேட்டரிக்கும் ஈ.எஸ்.சி.க்கும் நடுவே வாட் மீட்டர் இணைத்து முழு த்ராட்டிலில் சில விநாடி பாருங்கள். ஆம்பியர் மோட்டாரின் வரம்பைத் தாண்டக் கூடாது.

அப்படியும் போதாவிட்டால் 1000 கே.வி.யை ஒட்டிய, சற்றுப் பெரிய 2216 மோட்டார் வாங்கலாம். மூக்கு கனக்கும். பேட்டரியைப் பின்னால் தள்ளி, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் 25 முதல் 30 சதவீத இடத்தில் விரல் நுனியில் சமமாக நிற்கவையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் கடற்கரையில் ஓட்டுபவருக்குச் சொல்லியே ஆக வேண்டும். என் மோட்டார் ஒன்றைத் திறந்தபோது காந்தங்களின் மேல் கருமணல் மீசை முளைத்ததுபோல ஒட்டியிருந்தது. மணலில் இறங்கினால் த்ராட்டிலைத் தொடாதீர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, புரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுற்றிக் காது கொடுங்கள். நறநறவென்று கேட்டால், செல்லோ டேப்பைக் கீற்றாக வெட்டி உள்ளே விட்டு, மணலை ஒற்றி எடுத்த பிறகே மறுபடி இணையுங்கள்.