பத்திரம் பத்திரமாகத்தான் இருக்கும், மொய் நோட்டைப் பாருங்கள்

கேள்வி: காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் மாமனார் வீட்டைப் பிரித்துக் கட்டப்போகிறோம். பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினோம். பத்திரங்கள், கிஸ்தி ரசீதுகள், ஜாதகக் கட்டு, மொய் நோட்டுகள், யாரென்றே தெரியாத போட்டோக்கள் என்று நிறைய இருக்கின்றன. "பத்திரத்தை லேமினேட் பண்ணிட்டு மிச்சத்தை அடுப்புல போடு" என்கிறார் கணவரின் சித்தப்பா. என் மகளுக்குக் குடும்ப வரலாறு எழுத ஆசை. எதை வைத்துக்கொள்வது, எப்படி அடுக்குவது? - ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: சித்தப்பா சொன்ன இரண்டுமே வேண்டாம், அம்மணி. லேமினேஷனில் சூட்டோடு ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, பிரித்தால் தாளும் சேர்ந்து போகும். பத்திரத்தைத் திறந்த பிளாஸ்டிக் உறையில் வைத்தாலே போதும்.

அடுப்புக்குப் போகவிருந்தவற்றைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். நிலம் இருக்கும்வரை பத்திரத்தை யாரும் தொலைக்க மாட்டார்கள். ஆனால் பத்திரத்தை மட்டும் வைத்து வம்சாவளி எழுதினால் பாதிக் குடும்பம் காணாமல் போய்விடும். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989இல், அதுவும் அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு 2005 வரை இல்லை. அதனால் பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அப்பாருவும் (தாத்தாவும்) அவருடைய அண்ணன் தம்பிகளும்தான் வரிசையாக நிற்பார்கள். கூடப் பிறந்த பெண்கள் இருந்தார்களா என்றே பெரும்பாலும் தெரியாது. குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத் தலைவர் பேரில் வாங்கும் தலைக்கட்டு வரி நோட்டிலும் இதே கதைதான்.

அந்தப் பெண்களைக் கண்டுபிடிக்க மொய் நோட்டைப் புரட்டுங்கள். எழுதியது மாப்பிள்ளை பேரிலோ மகன் பேரிலோ இருக்கலாம், ஆனால் ஊர் இருக்கும். 'முத்தூர் அத்தை வீடு, ரூ. 5, அரிசி ஒரு வள்ளம்' என்று ஒரு வரி கிடைத்தால், முத்தூரில் ஒரு பெண்ணைக் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இரண்டு கல்யாணத்து நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் நோட்டில் இருந்த வீடு அடுத்ததில் இல்லையென்றால் உங்கள் மாமியாரைத் தனியாகக் கேளுங்கள், ஏதாவது இருக்கும். சித்தப்பாவை வைத்துக்கொண்டு கேட்க வேண்டாம். ஜாதகக் கட்டும் அப்படித்தான். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர்கள் பிறந்த நாளும், சில சமயம் பிறந்த ஊரும் பெற்றோர் பெயரும் அதில்தான் கிடைக்கும்.

அதனால் ஆள் வாரியாக அடுக்காதீர்கள், கல்யாண வாரியாக அடுக்குங்கள். ஒரு தம்பதிக்கு ஒரு பெரிய கவர். கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, இருவர் ஜாதகம், போட்டோ, கடிதம் எல்லாம் அதற்குள். நிலத்துக் காகிதங்கள் தனி, அவற்றைத் தோட்டத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் வைத்துப் பிரியுங்கள். ஆனால் பெட்டியில் கட்டாகக் கட்டியிருப்பதைப் பிரிக்கும் முன் அப்படியே ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். யாரோ காரணத்தோடுதான் சேர்த்துக் கட்டியிருப்பார்கள்.

பெயர்க் குழப்பம் கட்டாயம் வரும். அப்பாரு பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால், பழனிசாமி மகன் ராமசாமி, ராமசாமி மகன் பழனிசாமி என்று தலைமுறை தலைமுறையாக மாறி மாறி வருவார்கள். எந்தப் பழனிசாமி என்பதற்குப் பிறந்த வருடத்தையும் தோட்டத்துப் பெயரையும் சேர்த்து எழுதுவதுதான் வழி.

தேதியும் படுத்தும். பழைய காகிதத்தில் ௵ என்று இருந்தால் வருடம், ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி. 'விளம்பி ௵' என்று மட்டும் இருந்தால் அது 1898ஆகவும் இருக்கலாம், 1958ஆகவும் இருக்கலாம், அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் வருகிறதே. முத்திரைத்தாளைப் பாருங்கள். ராணி தலையும் அணாக் கணக்கும் என்றால் முன்னது. சிங்க முத்திரையும் நயா பைசாவும் என்றால் பின்னது, ஏனென்றால் நயா பைசா வந்ததே 1957 ஏப்ரலில்தான். உங்கள் ஊர் 1979 வரை கோயம்புத்தூர் மாவட்டம், அப்புறம் ஈரோடு (சில காலம் பெரியார் மாவட்டம் என்றும் எழுதியிருப்பார்கள்), 2009இலிருந்து திருப்பூர். நான்கு மாவட்டப் பெயரைப் பார்த்து நான்கு ஊர் என்று மகள் எழுதிவிடப் போகிறாள்.

போனில் படம் எடுக்கும்போது ஜன்னல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். முத்திரைத்தாளின் பின்பக்கத்தையும் எடுங்கள், வெண்டர் எழுதிய தேதியும் வாங்கியவர் பெயரும் அங்கே இருக்கும். ரப்பர் பேண்டு, குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட போட்டோவைப் பிய்க்காமல் கண்ணாடியோடு படம் எடுங்கள். மறுபடி பரணுக்கு ஏற்ற வேண்டாம், சூடு தாங்காது. சுவரோரத் தரையும் ஆகாது, செல்லு (கரையான்) ஏறும். பீரோவின் நடுத்தட்டு நல்லது.

யாரென்று தெரியாத போட்டோக்களை மாசியில் குலதெய்வக் கோயிலுக்குப் போகும்போது போனில் பெரிதாக்கிப் பெரியவர்களிடம் காட்டுங்கள். பெயரோடு, அதைச் சொன்னவர் யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே முகத்துக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் சொல்வார்கள்.

கடைசியாக ஒன்று, பங்காளிகள் விஷயம். மூலப் பத்திரம் மருமகள் கையில் இருக்கிறது என்றாலே ஊரில் பேச்சு கிளம்பும். பெட்டியில் என்னென்ன இருந்தது என்று ஒரு பட்டியல் எழுதி, சித்தப்பாவிடமும் கையெழுத்து வாங்கி, எல்லாப் பங்காளிக்கும் படங்களோடு ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். மூலத்தை லாக்கரில் வைப்பதா, யார் பெயரில் லாக்கர் என்பதை அவர்களே கூடிப் பேசி முடிவு செய்யட்டும். மொய் நோட்டுக்கு யாரும் போட்டிக்கு வர மாட்டார்கள், அதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.